ஈரச் சிறகு

ஏரிக்கரைக் கல்லூரியில் முக்குளிப்புப் பாடம் படித்துக்கொண்டிருந்த நீர்க்காகம், இரண்டாம் ஆண்டில் மேகப் பாடத்துக்கு மாறிக்கொண்டது. வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அதற்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் தண்ணீரையும் விட முடியவில்லை. விடியலில், ஏரிக்குள் மிதக்கும் மேகங்களினூடே ஒரு முறை மூழ்கி எழுந்தால்தான் அதற்கு அன்றைய நாள் தொடங்கும்.

மேக வகுப்பு நடப்பதோ நடுவானத்தில். ஈரச் சிறகோடு அவ்வளவு உயரம் போக முடியாது. அதனால் கரையிலிருந்த பட்ட மரத்தில் சிறகை விரித்து, காயும்வரை நின்றுவிட்டுத் தினமும் தாமதமாகப் போகும்.

"மேகம் படிக்கப் போனவனுக்கு ஏரியில என்னடா வேலை?" என்று சீண்டியது பழைய வகுப்புத் தோழன் முக்குளிப்பான்.

"சும்மாதான்டா. ஜில்லுன்னு இருக்கு."

ஒருநாள் ஆசிரியர் பருந்தே இறங்கி வந்தது. "இனியும் தாமதமானால் உன் பெயரை நீக்கிவிடுவேன். கிளம்பு."

"கொஞ்சம் பொறுங்கள் ஐயா. அந்தச் சாம்பல் மேகம் இப்போது சூரியனை மறைக்கும். வால் பிய்ந்திருக்கிறது, அதனால் மழை இல்லை. பின்னால் வரும் வெள்ளைத் துண்டு ஏரியைத் தாண்டுமுன் கரைந்துவிடும். பிறகு வெயில்தான்."

அப்படியே மறைத்தது, கரைந்தது, வெயில் வந்தது.

"இதை நான் இன்னும் நடத்தவே இல்லையே?"

"சிறகு காய வேண்டுமே ஐயா. வேறு எதைப் பார்த்துக்கொண்டு நிற்பது?"

பருந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, நனையாத தன் சிறகுகளை மெல்ல விரித்தது.