எட்டாத உயரத்துப் பூட்டு

ஷைனி நடக்கத் தொடங்கிய வாரமே ஜெபக்குமார் பிளாஸ்டிக் பூட்டுகளை வாங்கிவந்து, பிள்ளையின் கைக்கு எட்டும் அலமாரிகளில் எல்லாம் ஒட்டிவிட்டான். இருபக்கமும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் திறக்கும். சீனி டப்பாவை எடுப்பதற்குள் அவன் மனைவி சுகிர்தாவுக்கே நகம் பெயர்ந்தது. அதுகூடப் பரவாயில்லை. படுக்கையறையில் அவள் தலைக்கு மேலே இருந்த அலமாரியிலும் ஒன்றை ஒட்டியிருந்தான்.

“அவ்வளவு ஒசரத்துல எதுக்குங்க? பிள்ளைக்கு எட்டவா போகுது?”

“ஒண்ணு மிஞ்சிச்சு. வீணாக்குவானேன்னு ஒட்டுனேன்” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமலே.

அன்றிலிருந்து சுகிர்தாவின் காது மகளின் செருப்பிலேயே கிடந்தது. அடிக்கு அடி கீச்சிடும் செருப்பு அது. பிள்ளை எந்த அறையில் நிற்கிறாள் என்று சமையலறையிலிருந்தே சொல்லிவிடலாம். சாயங்காலம் துணியெடுக்க அவள் மாடிப்படி ஏறினால் மட்டும் அந்தச் சத்தம் சட்டென்று நின்றுவிடும். இறங்கி வந்து பார்த்தால், அப்பனும் மகளும் ஒன்றுமறியாதவர்கள்போல மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

அவன் இல்லாத நேரத்தில் அந்த உயரத்து அலமாரியைத் திறந்து பார்த்திருக்கலாம். புருஷனின் அலமாரியைத் துழாவுகிறவளாகத் தன்னை நினைத்துப் பார்க்க அவளுக்குக் கூசியது.

இன்று மத்தியானம் அழுத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் நடந்தாள். அந்த அலமாரியைக் கண்டதும் அழுகை நின்றது. ஷைனி இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள். சுகிர்தா ஒரு கணம் தயங்கி, பிறகு அவளை உயர்த்திப் பிடித்தாள். குட்டிக் கைகள் இரண்டும் தேடாமல் பூட்டின் இருபக்கமும் போய் அமுக்கின. டக்கென்று விட்டது.

கதவை இழுக்கும் முன் ஷைனி குனிந்து அம்மாவைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலை உதட்டின்மேல் வைத்து, “உஷ்…” என்றாள்.