நீலச் சட்டைக் கந்தூரி

“யா அல்லாஹ், நீலச் சட்டைக்காரனுகள் மட்டும் இண்டைக்கித் தோத்துரக் கூடாது!”

ஸுபஹ் தொழுத பாயிலேயே கையேந்தி அழுதாள் நுஸ்ரா. அமெரிக்கப் புட்போலில் பந்து உருண்டையா நீளமா என்றுகூடப் போன வருஷம்வரை அறியாத பிள்ளை அவள்.

முன்கூடத்தில் அவளுடைய வாப்பா கச்சி முகம்மது சாய்மனைக் கதிரையின் நுனிக்கே வந்திருந்தார். ஏறாவூர் வாவி மீன் வாங்கப் புறப்படும் அந்த விடியலில், அவருடைய டீவிக்குள் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிளேஓஃப் என்றால் சும்மா விளையாட்டா? தோற்றவன் அன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டு ஆட்டம் தப்பியாயிற்று. இதிலும் வென்றால் இறுதியாட்டம்.

“கோல்! கோல் போட்டுட்டானுகள், சபூரா!”

“நெஞ்சப் பாத்துக் கத்துங்க. டொக்டர் என்ன சென்ன?” என்றாள் மனைவி.

“சும்மா இரிகா!” என்றவர் போனை வாயருகே கொண்டுபோனார். “மகன் றமீஸ், கண்டியா? நம்மட ஆக்கள் கோல் போட்டுட்டானுகள்!”

அந்தக் குரல் அமெரிக்காவுக்குப் போகவில்லை. குசினியில், அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருந்த போனுக்குத்தான் வந்தது. நுஸ்ரா மூக்கைத் துடைத்துக்கொண்டு தட்டினாள்: ‘கோல் இல்ல வாப்பா, டச்டவுன். எத்தின தரம் செல்ற?’

றமீஸ் நானா இப்படித்தான் ஏசுவான். அவன் வேலை பார்த்த ஊரின் அணி அது. வாப்பாவுக்கு அந்தப் பைத்தியத்தை ஏற்றிவிட்டவனும் அவன்தான். மார்கழியில் பனி றோட்டில் அவனுடைய கார் சறுக்கியது. அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள்.

வாப்பா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். அந்த மனிதனிடம் இதை எந்த வாயால் சொல்வது?

“இந்த ஆட்டமெல்லாம் முடியட்டும், மகள்,” என்று சபூராதான் முடிவு கட்டினாள். “அதுலதான் மனிசன்ட உசிர் ஓடுது. நீலச் சட்டை தோத்து வெளிய போற அண்டைக்கிச் செல்லுவம்.”

நானாவின் போன் பனிக்குள் விழுந்துவிட்டது, இது புது நம்பர், இரவு வேலை, கதைக்க ஏலாது, மெசேஜ் மட்டும்தான் என்று நுஸ்ரா பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கினாள். வாப்பாவும் நம்பிவிட்டார். பாவி அணி வென்றுகொண்டே போனது. ஒவ்வொரு வெற்றிக்கும் நானாவுக்கு இன்னொரு கிழமை ஆயுள். பெற்ற பிள்ளைக்காகச் சத்தமாக அழவும் வழியில்லாமல், சபூரா குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு அழுதாள்.

வாப்பாவின் பைத்தியமோ நாளுக்கு நாள் முற்றியது. போன வியாழக்கிழமை ஆட்டிறைச்சி வாங்கிக் கந்தூரிச் சோறு ஆக்கச் சொன்னார். ஓதுவதற்குப் பள்ளிவாசல் லெவ்வையையும் கூப்பிட்டுவிட்டார்.

“என்னத்துக்கு வாப்பா இதெல்லாம்?”

“நீலச் சட்டை வெல்லணும், மகள். வேற என்னத்துக்கு?”

லெவ்வை குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினார். பந்து விளையாட்டுக்கு யாசீன் ஓதிய வீடு உலகத்திலேயே இதுவாகத்தான் இருக்கும் என்று நுஸ்ரா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கம்பக்கமெல்லாம் வயிறாரத் தின்றது. வாப்பா மட்டும் ஒரு பிடி சோறும் தொடவில்லை. இறைச்சி கூடாது என்று டொக்டர் சொன்னாராம்.

“உம்மா, இண்டைக்கித் தோத்தா…?” குசினி வாசலில் நின்று நுஸ்ரா மெல்லக் கேட்டாள்.

“தோத்தாச் செல்லத்தான் வேணும். இனியும் என்னால ஏலா.”

ஆட்டம் கடைசி நிமிடத்துக்கு வந்துவிட்டது. நீலச் சட்டை இரண்டு புள்ளி பின்னால் நின்றது. ஒரே ஓர் உதை, பந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவே போனால் மூன்று புள்ளி. நுஸ்ரா முக்காட்டை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள். போ, உள்ளே போ, இன்னும் ஒரு வாரம் குடு!

உதைத்தான். பந்து காற்றில் விலகி, கம்பத்துக்கு வெளியே போய் விழுந்தது. அவ்வளவுதான்.

வாப்பா டீவியை நிறுத்தினார். சபூரா தண்ணீரும், நாக்குக்கு அடியில் வைக்கும் குளிசையுமாக ஓடி வந்தாள். நுஸ்ரா போனை அரிசிக்குள் இன்னும் ஆழமாகப் புதைத்துவிட்டு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

“வாப்பா… றமீஸ் நானா…”

கச்சி முகம்மது மகளின் தலையில் கையை வைத்தார்.

“அவன்ட நாப்பதாம் நாள் கந்தூரியும் போன வியாழக்கிழமையே குடுத்தாச்சு, மகள்.”

சபூரா அப்படியே தரையில் குந்திவிட்டாள். வாப்பா தன் போனை எடுத்து, ஒன்றும் வராத திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தோத்த அண்டைக்கும் அவன் எழுதுவான். குசினிக்குப் போய் எழுதிட்டு வா.”