வெதுவெதுப்பான தண்ணீர்

மாசிலாமணியைக் கண்டதும் நர்ஸ் வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. வலது பக்கம் வேட்டி வெறுமனே தொங்கியது.

முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"வணக்கம் சிஸ்டரம்மா!"

அதே கணீர்க் குரல். மினி பஸ் ஓட்டிய மனுஷன். இனி எந்தக் காலால் பிரேக் போடுவார்?

சர்க்கரை நோயாளிகளுக்கான வகுப்பு அது. பன்னிரண்டு வருடமாக அவள்தான் நர்ஸ், அவள்தான் டீச்சர். இன்றைக்குக் கடைசி வரிசையில் சென்னையிலிருந்து வந்த மேடம் வேறு இருந்தார். மாவட்டத்துக்கே பயிற்சி கொடுக்க ஒரு நர்ஸைப் போடப் போகிறார்கள்; தேர்ந்தெடுப்பது இந்த மேடம்தான். மேடம் கையில் பாடத்தின் அச்சுத்தாள் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் டிக் போடுவார். வார்டு வார்டாக நாய்படாத பாடு பட்டவளுக்கு இதை விட்டால் வேறு வழி கிடையாது.

"கால் போனதுக்கு உங்களைச் சொல்லிக் குத்தமில்ல சிஸ்டரம்மா," என்றார் மாசிலாமணி, வகுப்புக்கே கேட்கும்படி. "நீங்க தங்கமாச் சொல்லிக் குடுத்தீங்க. இவதான் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வச்சு என் காலை அவிச்சுப்புட்டா. ஊரே இவளைக் காறித் துப்புது."

மனைவி அன்னபாக்கியம் சுவரோரமாக, மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"சூடு பொறுக்குதான்னு கேட்டேன்," என்றாள் மெதுவாக. "ஒண்ணும் தெரியல, இன்னும் ஊத்துன்னாக."

"வாயை மூடு."

அன்னபாக்கியம் பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

நர்ஸ் சாக்பீஸை எடுத்தாள்.

அவள் பாடம் நடத்தும் விதமே தனி. ஒரு வரி சொல்வாள். எல்லோரும் கோரஸாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அந்த வரி கரும்பலகையில் ஏறும்.

"காலை எப்பப்பப் பாக்கணும்?"

"தினமும்!"

"எப்பப்பக் கழுவணும்?"

"தினமும்!"

"எந்தத் தண்ணியில?"

"வெதுவெதுப்பான தண்ணியில!"

மாசிலாமணியின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. அவர் முன்பு வந்த வகுப்பிலும் அப்படித்தான் கேட்டது.

மூன்று வரியும் பலகையில் ஏறிவிட்டன.

நாலாவது வரி.

போன நவம்பரில், பாடம் சரியாக இந்த இடத்துக்கு வந்தபோதுதான், பெரிய டாக்டர் போட்டோக்காரரோடு உள்ளே வந்தார். நீரிழிவு தினம். எல்லோரும் எழுந்து நின்று சிரித்தார்கள். சுண்டல் கொடுத்தார்கள். கலைந்து போனார்கள். மீதியை அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று அவளும் இருந்துவிட்டாள். அடுத்த வாரம் வந்தவர்கள் வேறு ஆட்கள்.

பாழாய்ப்போன போட்டோ! சட்டம் போட்டு இதே சுவரில்தான் மாட்டியிருக்கிறது. அதில் மாசிலாமணி இரண்டு காலோடு நிற்கிறார். பின்னால் அன்னபாக்கியம்.

மேடம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்.

சொல்லாமல் தாண்ட முடியாது.

"தண்ணியில காலை வைக்கிறதுக்கு முந்தி," என்றாள். "முழங்கையை விட்டுப் பாக்கணும். உங்க காலு மரத்துப் போயிருக்கும். சூடு அதுக்குத் தெரியாது."

"முழங்கையை விட்டுப் பாக்கணும்!"

மாசிலாமணி மட்டும் சொல்லவில்லை.

அன்னபாக்கியம் தலையை நிமிர்த்தினாள்.

"இத அன்னைக்கு எங்களுக்குச் சொன்னீகளா, சிஸ்டர்?"

மேடத்தின் பேனா தாளின் மேல் நின்றது.

ஒரு சொல் போதும். 'இல்லை' என்று சொன்னால் அந்தப் பெண் இன்றைக்காவது நிம்மதியாகச் சோறு தின்பாள். இதோ, நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"எப்பவும் சொல்றதுதாம்மா."

சொல்லிவிட்டாள். அவள் குரல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மாசிலாமணி மனைவி பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டியா? எனக்குத்தான் வயசாச்சு, மறந்து தொலைச்சேன். நீயும் இங்கனதானே இருந்த? உன் புத்தி எங்க போச்சு?"

மேடம் டிக் போட்டார்.

நர்ஸ் வேகமாகப் பலகைப் பக்கம் திரும்பி, நாலாவது வரியை எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது. முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள்.

"செருப்பில்லாம நடக்கலாமா?"

"நடக்கக் கூடாது!"

மாசிலாமணியின் குரல்தான் மேலே கேட்டது.

அன்னபாக்கியம் அந்த இடத்தில் இல்லை. போட்டோவுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தாள். சிரிக்கும் முகங்களை அவள் பார்க்கவில்லை. அவற்றுக்குப் பின்னால் தெரிந்த கரும்பலகையைப் பார்த்தாள்.

கண்ணாடி மேல் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.

மூன்றாவது வரிக்குக் கீழே, வெறும் பலகையில் விரல் நின்றது.