துரும்பு வாங்காதவள்

பட்டாசுக் கம்பெனியில் பதினொரு மணிக்கு அடிக்கிற மணி ஓய்ந்தபோது, தேவமணி டீச்சர் நாரணாபுரத்தின் கடைசித் தெருவுக்கு வந்திருந்தாள்.

1962, மே விடுமுறை. மதுரையில் ஒரு பேராசிரியர் ஆராய்ச்சி செய்கிறார். இந்தப் பக்கத்து ஊர்களில் எத்தனை கல்யாணம் நிலைத்தது, எத்தனை அறுந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். கோர்ட்டுக்குப் போகாமல் அறுந்தவைதான் முக்கியம் என்று, வீடு வீடாகக் கேட்டு எழுதித் தரும் தேவமணியிடம் சொல்லியிருந்தார்.

உக்கிரபாண்டி முற்றத்து வேப்பமரத்தடியில் கட்டிலில் இருந்தார். டீச்சருக்கு நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் மகன் கோட்டைச்சாமி சுவரில் சாய்ந்து நின்றான்.

மருமகள் வெள்ளைத்தாய் இடது கையால் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவளுடைய வலது கை மணிக்கட்டிலிருந்து நுனிவரை பழஞ்சேலைத் துணியால் சுற்றியிருந்தது.

"எடது கையால குடுக்கேன்னு நெனைச்சுக்கிடாதீக டீச்சர்."

போன வருஷம் திரி வெட்டும் அறையில் வெடிமருந்து தீப்பிடித்துக்கொண்டபோது வெந்த கை அது.

டீச்சர் செம்பை வாங்கி வைத்ததும் வெள்ளைத்தாய் ஓடிப்போய்ப் பிள்ளையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெண் குழந்தை. இப்போதுதான் நடக்கப் பழகுகிறது.

இந்த வீட்டில் கல்யாணத்தை அறுத்துத் தீர்த்துவிட்டது ஏதாவது உண்டா என்று தேவமணி கேட்டாள்.

உக்கிரபாண்டி சிரித்தார்.

"எங்க வீட்டுக்கு ஒங்க புரொபசர் காயிதத்துல கட்டம் போடலையே டீச்சர். இவ கட்டுனவளும் இல்ல, தீந்தவளும் இல்ல. நடுவுல தொங்குதா."

பிறகு விவரமாகச் சொன்னார்.

கட்டினவன் ஊர் முன்னால் ஒரு துரும்பைக் கிள்ளி நீட்ட வேண்டும். அவள் அதை வலது கையால் வாங்கிப் பிடித்தால் தீர்ந்தது. அவள் பிறந்த வீட்டுக்குப் போகலாம். இன்னொருவனைக் கட்டிக்கொள்ளலாம். பிள்ளை மட்டும் தகப்பன் வீட்டோடு நின்றுவிடும்.

வாங்க மாட்டேன் என்று அழுகிறவள் உண்டு. விரல்களைப் பிரித்து உள்ளே வைத்து மூடிவிடுவார்கள்.

துரும்பு கொடுத்த அன்று வெள்ளைத்தாய் அழவில்லை. கையை நீட்டினாள். கோட்டைச்சாமி துணிக்கட்டின் மேல் துரும்பை வைத்தான். அது நழுவித் தரையில் விழுந்தது. மறுபடி வைத்தான். காற்று கொண்டுபோயிற்று. அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்க்க ஊரில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. மாமியாரே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விரல் இல்லாத கைக்குத் துரும்பு இல்லை என்று சொல்லிப் பெரியவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

"இடது கையில் கொடுத்தால் ஆகாதா?"

"எடது கையில பிச்சகூட வாங்க மாட்டாக டீச்சர்."

கோட்டைச்சாமி சுவரோரமாகக் காறித் துப்பினான்.

"மல்லாங்கிணத்துல பொண்ணு பேசி மாசம் ஆறாச்சு. மூத்த தாரம் தீரட்டும்னு பொண்ணு வீட்டுல உக்காந்திருக்காக. அந்த வேட்டு இவ கையில வெடிக்கல, என் தலையில வெடிச்சிருக்கு."

வெள்ளைத்தாய் முந்தானையைப் பல்லால் கவ்வி, குனிந்து, பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

தேவமணி பேனாவைத் திறந்தாள். மூடியைக் கட்டிலில் வைத்தாள். இப்படியொன்றை அவள் எந்த ஊரிலும் எழுதியதில்லை. பேராசிரியர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். நினைத்ததற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டாள். வெட்கத்தோடு இன்னொரு கேள்வியும் கேட்டாள்.

"உனக்கு இங்கேயே இருக்கத்தான் விருப்பமாம்மா?"

"எம்புள்ள இங்கனதான இருக்கா டீச்சர்."

தேவமணி அதையும் எழுதினாள்.

எழுதிக்கொண்டிருந்தபோது பிள்ளை இடுப்பிலிருந்து சரிந்து கட்டிலை எட்டியது. பேனா மூடியை எடுத்தது. வாயில் போட்டது.

முதலில் ஒரு செருமல். பிறகு சத்தமே இல்லை.

தேவமணி நிமிர்ந்தபோது பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. உக்கிரபாண்டி எழுந்தார். கோட்டைச்சாமி ஓடிவந்தான். வந்தவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வெள்ளைத்தாய் பிள்ளையை இடது முழங்கையில் கிடத்தினாள். ஒரு தரம் மாமனாரைப் பார்த்தாள்.

துணிக்கட்டைப் பல்லால் இழுத்து உருவினாள்.

இரண்டு விரல்கள் பிள்ளையின் வாய்க்குள் போயின. தொண்டைவரை போயின. மூடியைப் பற்றி வெளியே எடுத்தன.

பிள்ளை வீறிட்டு அழுதது. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

கோட்டைச்சாமி பிள்ளையின் முதுகைத் தடவினான். தடவிய கை பாதியில் நின்றது.

வெந்து சுருண்டு உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டவை மூன்று விரல்கள்தாம். பெருவிரலும் சுட்டுவிரலும் ஒரு தழும்பும் இல்லாமல் இருந்தன. நெடுநாள் வெயில் படாததால் வெளுத்திருந்தன.

அந்த இரண்டுக்கும் நடுவே எச்சிலோடு பேனா மூடி.

வெள்ளைத்தாய் அதை டீச்சரிடம் நீட்டினாள். மூடி விழவில்லை.

தேவமணி வாங்கிக்கொள்ளவில்லை.

உக்கிரபாண்டி தோள் துண்டால் பேத்தியின் வாயைத் துடைத்தார். கண்ணைத் துடைத்தார். மெதுவாக, அழ விடாமல், தாயின் கையிலிருந்து பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏலே கோட்டைச்சாமி, வைக்கப் படப்புல ஒரு துரும்பு உருவிட்டு வா."