ஊமைக்கோட்டான் பேசுகிறான்

"ஃபெயிலானவனை மேடை ஏத்தி, புதுசா வந்த பசங்களுக்கு அட்வைஸ் பண்ணச் சொல்றதா? இது என்ன கூத்து மேடம்?"

லேப் சார் இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. அதுவும் துறைத்தலைவியிடம். அந்தம்மாவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஆசிட். கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் என்பதற்காக மட்டும் வைத்த பெயர் இல்லை.

"ஏன், அவனுக்கு வாய் இல்லையா?" என்றார் ஆசிட், பேப்பர் திருத்திக்கொண்டே.

"வாய் இருக்கு மேடம். தெம்புதான் இல்ல. ஆறு பேப்பர்ல அஞ்சு ஊத்திக்கிச்சு. படிப்பே வேணாம்னு பெட்டியைக் கட்டிட்டான். நாளைக்கு அவங்கப்பா டி.சி. வாங்க வர்றார். 'இருடா, திரும்ப எழுதிக்கலாம்'னு நானே அவன்கிட்ட கெஞ்சிட்டிருக்கேன். இந்த நேரத்துல போய்..."

"போறவன்தானே? சும்மா போவானேன். ஒரு வேலை செஞ்சுட்டுப் போகட்டும்."

"நம்ம டாப்பர் பொண்ணு இருக்காளே மேடம்!"

"அவ வேணாம்."

சிவப்பு மையில் ஒரு முட்டை போட்டுவிட்டு ஆசிட் அடுத்த பேப்பருக்குப் போய்விட்டார்.

இதற்கு மேல் நின்றால் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று லேப் சார் வெளியே வந்தார். 'இதெல்லாம் ஒரு மனுஷியா' என்று அவர் முணுமுணுத்தது பியூன் காதில் நன்றாகவே விழுந்தது. பியூன் மறுக்கவில்லை.

ஹாலில் புதுப் பிள்ளைகள் நிரம்பி வழிந்தார்கள். மேடையில் அந்த இரண்டாம் வருஷப் பையன், மைக்கைப் பாம்பைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான். வகுப்பில் அவன் பெயர் ஊமைக்கோட்டான். போன வருஷம் பூராவும் அவன் வாயிலிருந்து வந்தது 'பிரசன்ட் சார்' ஒன்றுதான்.

"வணக்கம். எனக்கு அஞ்சு அரியர்."

கொல்லென்று சிரிப்பு. லேப் சாருக்குக் காதெல்லாம் சுட்டது.

"எப்படி வாங்கினேன்னு சொல்லச் சொன்னாங்க, சொல்றேன். முதல் வாரம் சார் 'புரிஞ்சுதா?'ன்னு கேட்டாரு. தலையாட்டினேன். அப்படியே பழகிடுச்சு. பரீட்சையில 'அடிஷனல் ஷீட் வேணுமா?'ன்னு கேட்டாங்க. அதுக்கும் தலையாட்டினேன். வெள்ளையா வாங்கி வெள்ளையாவே கட்டிக் கொடுத்தேன்."

மறுபடியும் சிரிப்பு.

"நோட்ஸெல்லாம் ஜெராக்ஸ் எடுத்தேன். எடுத்தாலே பாதி படிச்ச மாதிரி இருக்கும். மீதிப் பாதியை ஸ்பைரல் பைண்டிங் போட்டு முடிச்சிட்டேன். லேப் ரெக்கார்டை ஃப்ரெண்டைப் பார்த்து எழுதினேன். ஒரு வரி விடலை. அவன் பேரையும் சேர்த்து எழுதிட்டேன்."

ஹால் அதிர்ந்தது. அந்த ரெக்கார்டைப் பிடித்தவரே லேப் சார்தான். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பையன் சிரிப்பு அடங்கும்வரை நின்றான்.

"வீட்டுல அம்மா 'எப்படிப்பா போகுது?'ம்பாங்க. 'நல்லா போகுது'ம்பேன். எது போகுதுன்னு அவங்களும் கேக்கலை, நானும் சொல்லலை. யாராவது ஒருத்தர்கிட்ட 'எனக்குப் புரியலை'ன்னு சொல்லியிருந்தா முதல் வாரமே முடிஞ்சிருக்கும். வெக்கமா இருந்துச்சு. இப்ப இத்தனை பேர் சிரிக்கிறீங்க, அது அவ்வளவு வெக்கமா இல்ல. நீங்க சீக்கிரமே சொல்லிடுங்க. அவ்வளவுதான்."

கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. நடுவரிசையில் ஒரு பொண்ணு எழுந்தாள்.

"அண்ணா, நேத்து நடத்தின மோல் கணக்கு எனக்குப் புரியலை. நானும் தலையாட்டிட்டேன்."

"நானும்தான்" என்றது பின்னால் ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.

கூட்டம் முடிந்தும் பிள்ளைகள் போகவில்லை. "அண்ணா, யார்கிட்ட கேக்கணும்?", "அண்ணா, ஹாஸ்டல்ல தூக்கமே வரலை", "அண்ணா, வீட்டுக்கே போயிடலாமான்னு இருக்கு" என்று அவனைச் சூழ்ந்து மொய்த்தார்கள். ஊமைக்கோட்டான் ஒவ்வொருத்தருக்கும் பதில் சொன்னான். தொண்டை கட்டும் அளவுக்குச் சொன்னான்.

எல்லோரும் போனபின் லேப் சாரிடம் வந்தான்.

"சார், உங்க போன் கொஞ்சம் தர்றீங்களா? அப்பாகிட்ட பேசணும். நாளைக்கு வர வேணாம்னு சொல்லணும்."

"ஏன்டா?"

"அந்தப் பொண்ணுக்கு மோல் கணக்கு சொல்லித் தரேன்னுட்டேன் சார்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். அதான், நாளைக்குக் காலையில முதல்ல நீங்க எனக்குச் சொல்லித் தந்துட்டா..."

லேப் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. போனை அவன் கையில் திணித்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் துறைத்தலைவி அறைக்கு ஓடினார்.

"மேடம், பையன் போகலை! நான் உங்களைத் தப்பா நினைச்சிட்டேன். புதுப் பசங்களுக்கு வச்ச கூட்டம், இவனுக்கும் உதவிடுச்சு பாருங்க!"

ஆசிட் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். ஆபீசோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா, திங்கட்கிழமை ஹால் வேணும். முதல் வருஷத்துக்கு அறிமுகக் கூட்டம். டாப்பர் பொண்ணு பேசுவா."

"அறிமுகக் கூட்டமா?" என்றார் லேப் சார். "அது இப்பத்தானே மேடம் முடிஞ்சுது?"

ஆசிட் ரிசீவரை வைத்தார்.

"இது அவங்களுக்கு வச்ச கூட்டம்னு யார் சார் சொன்னது?"