பார்க்கிங் வரை

கடல் நூறு அடி தூரத்தில் இருந்தது. நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.

காற்று மணலை வாரிக் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் தனியாக ஓட்டிய அலுப்பு மொத்தமும் இடுப்பில் வந்து உட்கார்ந்திருந்தது. கிளம்பும்போது சிரமப்படக் கூடாதென்று வண்டியை ரோட்டைப் பார்க்க நிறுத்தியிருந்தேன். அதனால் கடல் என் முதுகுக்குப் பின்னால்.

முப்பது வருஷமாகச் சுற்றுலா வண்டி ஓட்டியவன் நான். குகை, வெந்நீர் ஊற்று, கடைசியாக இந்தக் கடற்கரை. மாதத்துக்கு நாலைந்து தடவை இதே ரூட்.

ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. குகையை நான் பார்த்ததில்லை. குகையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களின் முகங்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். சுமந்த கழுதைக்கே தெரியவில்லை.

போன மாதம் கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறதாம். அடுத்த மாதத்தோடு ஓட்டுவதை நிறுத்துங்கள், பார்க்க வேண்டியதையெல்லாம் சீக்கிரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வண்டியை வாங்கவும் ஆள் சொல்லியாகிவிட்டது. நாளை மறுநாள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

சரி, ஒரு தடவையாவது எனக்காக ஓட்டுவோம் என்று கிளம்பினேன். வீட்டுக்காரியையும் கூப்பிட்டேன். முட்டி வலி, படி ஏற முடியாது, நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

குகை வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்க்கலாம் என்று சீட்டைத் தாழ்த்தி, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டேன். காவலாளி கண்ணாடியைத் தட்டி எழுப்பியபோது குகையைப் பூட்டிவிட்டிருந்தார்கள்.

ஊற்றில் வரிசையில்கூட நின்றேன். என் வெள்ளைச் சட்டையையும் கையிலிருந்த சாவியையும் பார்த்த டிக்கெட்காரர், "டிரைவருக்கு டிக்கெட் வேணாம்ணே, அந்த ஷெட்ல போய் ஒக்காருங்க" என்றார்.

நானும் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கே நாலு டிரைவர்கள் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். நேரம் போனதே தெரியவில்லை. வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

மிச்சம் இருந்தது இந்தக் கடல் ஒன்றுதான். இதையும் விட்டால் இனி யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவந்தால்தான் உண்டு.

ஆனாலும் இறங்கவில்லை. அலுப்பு மட்டுமில்லை, பயமாகவும் இருந்தது. முப்பது வருஷமாக இந்த மூன்று இடங்களையும் நேரில் பார்த்தவன் மாதிரி வீட்டில் அளந்திருக்கிறேன். எல்லாம் பின்சீட்டுப் பேச்சில் பொறுக்கியது. இப்போது போய்ப் பார்த்து, நான் சொன்ன மாதிரி இல்லாவிட்டால்?

அப்போதுதான் அவள் போன் செய்தாள். கடலைப் பார்த்தாயிற்றா என்று கேட்டாள்.

பார்த்தேன் என்றேன். வாய் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. அலை ஆளுயரம். காற்றில் நிற்க முடியவில்லை, பேசினால் வாயெல்லாம் மணல். தூரத்தில் தண்ணீர் கறுப்பு, கிட்டே வர வரப் பச்சை.

கடைசிவரை கேட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"கல்யாணமான வருஷத்துலேர்ந்து இதத்தான் கேக்கறேன், ஒரு வார்த்த மாறல. நீங்க எறங்கினதே இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். என் முட்டி நல்லாத்தான் இருக்கு. நானும் வந்திருந்தா, என்னைய வாசல்ல எறக்கி விட்டுட்டு வண்டியிலயே படுத்திருப்பீங்க. அதான் வரல. எறங்குங்க, போங்க."

வைத்துவிட்டாள்.

போனைச் சட்டைப் பையில் போட்டேன். கதவைத் திறந்து இறங்கினேன். காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து, பிடித்தபடி ஓரமாக நின்றேன்.

யாரும் இறங்கவில்லை.

அது உறைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கதவைச் சாத்திவிட்டு, கடல் பக்கம் திரும்பினேன்.