சார்ஜ் ஏறாத டிராக்டர்

டிராக்டரின் டைனமோ சுற்றியது, சார்ஜ் முள் மட்டும் அசையவேயில்லை. நல்லகாமன் மெக்கானிக்கை வரவழைத்தான். மழை ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும்.

"புது பேட்டரி, புது பெல்ட்டு போட்டாச்சு. வயல் நடுவுல ஆஃப் ஆனா யாரு மாப்ள தள்ளுறது?"

"உங்கப்பா காலத்து வண்டி. பழைய இரும்புக்குப் போட்டுரு," என்ற மெக்கானிக் சோலை, டைனமோவின் உடம்பையும் டிராக்டர் இரும்பையும் ஒரு வயரால் இணைத்துப் பார்த்தான். முள் துள்ளியது!

"டைனமோ நல்லாத்தேன் இருக்கு. கரண்டு இரும்பு வழியா திரும்பணும்ல? நடுவுல என்னத்த வச்ச?"

நல்லகாமன் டைனமோவைத் தடவிக் காட்டினான். "ஆயுத பூசைக்கு டைனமோவக் கழட்டி, இண்டு இடுக்கு விடாம பெயிண்டு அடிச்சேன்."

"பெயிண்டு வழியா கரண்டு பாயாதுல்ல? அம்புட்டு அழகு பண்ணி, பேட்டரியப் பட்டினி போட்டுட்டியே!"

டைனமோ உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்போடு இரும்பாக முடுக்கியதும், சார்ஜ் ஏறியது.